பக்கத்துக் கட்டிலின் துடிப்பு

ஆபீசில் எல்லோரும் அவளைக் கர்னல் என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டாளத்துக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நோயாளிகளின் தலைமாட்டில் வைக்கும் கண்காணிப்புக் கருவிகளைச் செய்து ஆஸ்பத்திரிகளுக்கு விற்கிற கம்பெனி அது. அந்தக் கருவிக்குள் ஓடும் மென்பொருளில் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிற பகுதிக்குக் கர்னல் என்று பெயர். மேலே இருக்கிற நிரல்களுக்கு மெமரியில் இடம் பிரித்துக் கொடுப்பதும், வேலை முடிந்ததும் அந்த இடத்தைத் திரும்ப வாங்கி வேறொன்றுக்குக் கொடுப்பதும் அதன் பொறுப்பு. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவள் அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தாள்.

ஒருமுறை குடும்பத்தார் எல்லோரும் கூடியிருந்த இடத்தில், "நான் கர்னல்ல வேலை பாக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். சித்தி முகவாயில் கை வைத்துக்கொண்டு, "பட்டாளத்துல சேந்துட்டியா? உங்கம்மா ஒரு வார்த்தை சொல்லலையே" என்றாள். பக்கத்தில் நின்ற தம்பி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு வீட்டிலும் அதே பெயர்தான்.

பெயருக்கும் ஆளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அவள் சரியான பயந்தாங்கொள்ளி. லிஃப்ட் கதவு திறக்கக் கொஞ்சம் தாமதமானால் போதும், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போனவள், பூட்டை இழுத்துப் பார்க்க மறுபடி வருவாள். கணவர் வெளியூர் போய் ஒரு போன் பண்ணத் தவறினால், பேருந்து கவிழ்வதிலிருந்து பர்ஸ் தொலைவது வரை வரிசையாக யோசித்து முடித்திருப்பாள். "உனக்குப் பயப்படறதுக்குச் சம்பளம் கொடுத்தா நாம மாளிகை கட்டியிருக்கலாம்" என்பார் அவர். ஒரு விதத்தில் அதற்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள். அடித்தளத்தில் வேலை செய்கிறவர்கள் எது எங்கே புட்டுக்கொள்ளும் என்று நினைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அவளுக்கு அது தானாக வந்தது.

தம்பி அவளுக்கு நேர் எதிர். லாரி எஞ்சினைப் பிரித்து மாட்டுகிற மெக்கானிக். கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு பாட்டு முணுமுணுக்கிற ஆள். அவனுக்குத்தான் இதயத்தின் வால்வில் கோளாறு என்று டாக்டர்கள் சொன்னார்கள். கொஞ்ச நாளாகப் படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று அவன் மனைவி சொன்னபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அறுவை சிகிச்சைக்குக் கூட்டிப் போகும்போது சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, "எஞ்சினைத் திறந்து வால்வு மாத்தறதுதானே, நான் தினம் பண்றேன்" என்று சிரித்தான். தம்பி மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எந்தக் கை எந்தக் கைக்குத் தைரியம் சொல்கிறது என்று தெரியாதபடி இரண்டும் ஜில்லென்று இருந்தன.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறாம் கட்டில். பகலில் ஒரு நேரம் மட்டும் ஒருவரை உள்ளே விடுவார்கள். செருப்பைக் கழற்றி, கையைக் கழுவி, நீல அங்கியைப் போட்டுக்கொண்டு அவள் உள்ளே போனாள். ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் ஒரு சின்னத் திரை. நர்ஸுகளின் மேஜைக்கு மேலே ஒரு பெரிய திரை. பிரிவிலுள்ள அத்தனை பேரின் இதயக் கோடும் அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நோயாளிகள் தூங்கட்டும் என்று சின்னத் திரைகளின் ஓசையை அடக்கி வைத்திருந்தார்கள். ஏதாவது ஆனால் அலாரம் அடிப்பது மேஜையில்தான். இரண்டுமே அவள் கம்பெனியில் செய்தவை. அந்தப் பெரிய திரைக்குள் ஓடுவது அவளுடைய கர்னல்.

தம்பி அரை மயக்கத்தில் இருந்தான். உதடு காய்ந்திருந்தது. அப்போதுதான் மார்பை எக்ஸ்ரே எடுத்துவிட்டு, கழற்றியிருந்த ஒயர்களை ஒரு நர்ஸ் திரும்பச் செருகிக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் கட்டிலுக்கு ஒரு புது நோயாளி வந்திருந்தார். அங்கேயும் இரண்டு பேர் குனிந்து நின்றார்கள். அவள் சின்னத் திரையைப் பார்த்தாள். துடிப்பு நூற்றுப் பன்னிரண்டு. கொஞ்சம் அதிகம்தான், இப்போதைக்கு அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தலையைத் திருப்பிப் பெரிய திரையைப் பார்த்தாள். ஆறாம் கட்டில் என்று எழுதிய வரிசையில் எழுபத்து நான்கு என்றிருந்தது. கோடும் வேறு மாதிரி, அகலமாக, சோம்பேறித்தனமாகப் போனது.

கண்ணைக் கொட்டிப் பார்ப்பதற்குள் அது நூற்றுப் பன்னிரண்டுக்கு மாறிவிட்டது.

தூக்கமில்லாததால் கண் ஏமாற்றுகிறது என்று சொல்லிக்கொண்டாள். வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டின் முன் உட்கார்ந்தபோது அந்த எண் திரும்ப வந்தது. எழுபத்து நான்கு என்பது யாருடையது? ஒன்பதாம் கட்டிலில் புதிதாக வந்தவருடையதா? ஒரு கட்டிலின் ஒயரைக் கழற்றினால், அந்தக் கட்டிலுக்குக் கொடுத்திருந்த மெமரி இடத்தைக் கர்னல் திரும்ப வாங்கிக்கொள்ளும். அடுத்து யார் கேட்கிறார்களோ அவர்களுக்கு அதைக் கொடுத்துவிடும். பழைய ஆள் அறையைக் காலி செய்தபின் புது ஆளுக்குச் சாவி கொடுப்பதுபோல. ஆனால் பழைய ஆளின் பெயர்ப்பலகை இன்னும் அந்தக் கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தால்? திரை தம்பியின் பெயரைப் படித்துவிட்டு, கதவைத் திறந்து, உள்ளே இருக்கிற வேறொருவருடைய நெஞ்சைக் காட்டும்.

மறுநாள் உள்ளே போனபோது அவள் தம்பியின் முகத்தைவிடத் திரையைத்தான் அதிகம் பார்த்தாள். அவன் கண்ணைத் திறந்து, "என்னைப் பாக்க வந்தியா, டிவி பாக்க வந்தியா?" என்று ஈனக்குரலில் கேட்டான். மூன்றாம் கட்டிலில் ஒருவரைப் புரட்டிப் படுக்க வைத்தபோது ஒயர் கழன்றது, செருகினார்கள். எதிர்க் கட்டிலிலும் ஒரு நர்ஸ் ஒயரை மாட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் வரிசையில் ஒரு கணம் வேறொரு கோடு ஓடி மறைந்தது. இந்த முறை கண் ஏமாற்றவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் வெகுநேரம் நின்றாள். சொன்னால் என்ன ஆகும்? கம்பெனிக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரியில் சொன்னால் வேலை போகலாம். திரையை அணைத்துவிட்டால் இத்தனை பேரை இருக்கிற கொஞ்சம் நர்ஸுகள் எப்படிப் பார்ப்பார்கள்? சொல்லாமல் விட்டால்? அந்தக் கேள்விக்கு மேல் அவளால் போக முடியவில்லை. தலைமை நர்ஸ் தண்ணீர் குடிக்க வெளியே வந்தார். குட்டையான, குரல் உயர்த்தாத பெண்மணி.

"சிஸ்டர், ஒரு நிமிஷம். நான் இந்த மெஷின் செய்யற கம்பெனியிலதான் இருக்கேன்."

"தெரியும்மா. மயக்கம் தெளிஞ்சதும் உங்க தம்பி முதல்ல சொன்னதே அதுதான். எங்கக்கா இதுக்கெல்லாம் கர்னல், ஒழுங்காப் பாத்துக்குங்கன்னு."

"அந்தப் பெரிய திரை சில சமயம் ஒரு கட்டிலோட கோட்டை இன்னொரு கட்டில் பேர்ல காட்டுது. நேத்து ஒரு தரம் பாத்தேன். இன்னிக்கு ஒரு தரம்."

நர்ஸ் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார். "நிச்சயமா?"

"நிச்சயமாச் சொல்ல முடியலை. ஆனா எனக்குப் பயமா இருக்கு."

கண்ணாடிக் கதவு வழியாக நர்ஸ் உள்ளே பெரிய திரையைப் பார்த்தார். கூடவே வருஷக்கணக்கில் வாழ்ந்த மனுஷியைச் சந்தேகப்படச் சொன்னதுபோல அவர் முகம் சுருங்கியது. "அதைப் பாத்துதானேம்மா நான் யார்கிட்ட ஓடணும்னு முடிவு பண்றேன். இப்ப எதை நம்பறது?"

"கட்டில் பக்கத்துல இருக்கற சின்னத் திரை சரியாத்தான் காட்டும். அது தனியா ஓடறது."

"அதுக்குப் பக்கத்துல நிக்க ஆள் வேணும். எனக்கு ஆள் கிடையாது." குவளையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பிறகு, "சரி, பாக்கறேன். சின்னத் திரையோட சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொல்றேன். லீவுல இருக்கறவங்களக் கூப்பிட்டுப் பாக்கறேன். நீங்க போய் உங்க வேலையைப் பாருங்க" என்றார். அதில் கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை.

ஆபீசில் மேலாளர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். தலை நரைத்த, நிதானமான மனிதர். "நீங்க பாத்தீங்களா, இல்ல பாத்த மாதிரி இருந்துதா?"

"பாத்தேன்."

"தம்பி படுத்திருக்கார். நீங்க பயந்திருக்கீங்க. தப்பா நினைக்காதீங்க, கேக்க வேண்டியது என் கடமை."

"நான் எப்பவும்தான் பயந்திருக்கேன், சார். அதுக்காகத்தானே என்னை எடுத்தீங்க."

அவர் சிரிக்கவில்லை. "மத்த ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் சொல்லணும்னா கையில ஏதாவது இருக்கணும். ஒண்ணுமே இல்லாம திரையை நம்பாதேன்னு சொன்னா, எல்லாரும் அணைச்சுப் போட்டுட்டா? அதனால ஒரு உயிர் போச்சுன்னா? முதல்ல இங்க அதை வரவையுங்க. வந்ததும் நானே போன் பண்றேன்."

அது நியாயமாகவும் இருந்தது, தாங்க முடியாததாகவும் இருந்தது.

சோதனைக் கூடத்தில் வரிசையாக மேஜைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பெட்டி. மனித இதயம்போல மின்துடிப்பைப் போலியாக அனுப்பும். பொம்மை நோயாளிகள் என்று அவற்றுக்குப் பெயர். சோதனை செய்கிறவனைத் தாடி என்பார்கள். தாடியை எடுத்துவிட்ட பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. ஒவ்வொரு பொம்மைக்கும் ஒவ்வொரு வேகம் வைத்து, அவன் ஒயரைக் கழற்றுவதும் செருகுவதுமாக இருந்தான். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. திரும்ப வாங்கிய இடத்தில் எல்லாம் ஓர் அடையாள எண்ணை நிரப்பி வைக்கச் செய்தாள். யாராவது காலியான இடத்தைப் படித்தால் அந்த எண் காட்டிக்கொடுக்கும். ஒன்றும் காட்டிக்கொடுக்கவில்லை. கர்னல் செய்யும் ஒவ்வொரு காரியத்தையும் வேவு பார்க்கும் கருவியைப் பொருத்தினாள். அதைப் பொருத்தியதும் எல்லாம் மெதுவாகிவிட்டது. இந்த மாதிரிப் பிழைகள் அப்படித்தான், விளக்கைப் போட்டால் ஓடி ஒளிந்துகொள்ளும்.

"ஒருவேளை..." என்று தாடி ஆரம்பித்தான்.

"நீயும் அதையே சொல்லாதே" என்றாள்.

அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பயந்த கண்ணுக்கு என்னதான் தெரியாது? இல்லாத ஒன்றுக்காக ஓர் ஆஸ்பத்திரியையே கலக்கிவிட்டு வந்திருக்கிறோமோ என்று நினைத்தாள். அப்படி இருந்தால் தேவலை என்றும் வேண்டிக்கொண்டாள். அப்போது மேஜைமேல் போன் அதிர்ந்தது. தம்பி மனைவி.

"அண்ணி." அதற்கு மேல் குரல் வரவில்லை.

நின்ற இடத்திலேயே மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லு. இருக்கானா?"

"இருக்கார். திடீர்னு நெஞ்சு கண்டபடி அடிச்சுக்கிச்சாம். மின்சாரம் வச்சு நிறுத்தினாங்களாம். இப்பச் சரியாயிடுச்சுன்னு சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் புரியல, அண்ணி. நீங்க வாங்க."

ஆட்டோவில் போகும்போது ஒவ்வொரு சிவப்பு விளக்கும் அவளைப் பிடித்து நிறுத்தவே எரிவதுபோல இருந்தது. ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் அவளைத் தாழ்வாரத்தின் ஓரத்துக்கு அழைத்துப் போனார். இத்தனை நாள் உயராத அந்தக் குரல் இன்னும் தாழ்ந்திருந்தது.

"நான் ஆறாம் கட்டில் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன். சின்னத் திரையில கோடு பைத்தியம் பிடிச்ச மாதிரி ஓடுது. ஆள் கண்ணை மேல சொருகறார். மேஜையில அலாரம் அடிக்கலை. திரும்பிப் பாக்கறேன், பெரிய திரையில ஆறாம் நம்பர் எழுபதுல அமைதியாப் போயிட்டிருக்கு. நாங்க ஷாக் கொடுத்து முடிக்கற வரைக்கும் அது அப்படியே போயிட்டிருந்தது." அவர் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். "நீங்க சொல்லலேன்னா நான் மேஜையில உக்காந்திருப்பேன்."

அவள் சுவரோரம் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். தம்பி மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, என்ன ஏது என்று கேட்காமல் தோளோடு சாய்த்துக்கொண்டாள். அவளிடம் இதை எப்படிச் சொல்வது? உன் புருஷனைக் காவல் காக்க நாங்கள் வைத்த கண், அவனை விட்டுவிட்டுப் பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தது என்றா?

கொஞ்சம் நிதானம் வந்ததும் நர்ஸைத் தேடிப் போனாள்.

"சிஸ்டர், அதுக்குக் கொஞ்சம் முன்னால என்ன நடந்துது? யாராவது ஒயரக் கழட்டினாங்களா?"

நர்ஸ் யோசித்தார். "எக்ஸ்ரே எடுத்தாங்க. அதே நேரம் ஒன்பதாம் கட்டில்காரரை வார்டுக்கு அனுப்பிட்டு, ஆப்பரேஷன் முடிஞ்சு வந்த அம்மாவைப் போட்டோம். நான் இங்க செருகறேன், அந்தப் பொண்ணு அங்க செருகறா. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் நிமிந்தோம், ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சோம். அதனால ஞாபகம் இருக்கு."

ஒரே சமயத்தில். இரண்டு பேர்.

தாடி ஒற்றை ஆளாக, ஒன்றைச் செருகிவிட்டு நடந்துபோய் அடுத்ததைச் செருகிக்கொண்டிருந்தான். கர்னலுக்கு அந்த நடை நேரம் ஒரு யுகம். அதற்குள் எல்லாப் பெயர்ப்பலகையையும் அது சரியாக மாற்றி மாட்டிவிடும்.

ஆபீசுக்குத் திரும்பி மேலாளரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றி, முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார். அவருக்கும் பயம் என்று அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாள் அதைத்தான் நிதானம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். "வரவைக்கற வரைக்கும் காத்திருந்தது தப்பு" என்று சொல்லிவிட்டு, அவள் அங்கே நிற்கும்போதே முதல் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். பெரிய திரையை மட்டும் நம்ப வேண்டாம், கட்டிலுக்குப் பக்கத்தில் ஆள் நிற்கட்டும், அலாரத்தின் சத்தத்தைக் கூட்டுங்கள். அதையே அடுத்த ஆஸ்பத்திரிக்குச் சொன்னார். அதற்கடுத்ததற்கும். சிலர் கத்தினார்கள். அவர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக் கேட்டுக்கொண்டார்.

போன் எல்லாம் முடிந்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சோதனைக் கூடத்துக்கு வந்தார். "எந்த ஒயரைப் பிடிக்கணும்?"

தாடி ஆறாம் பொம்மையிடம் நின்றான். மேலாளர் ஒன்பதாம் பொம்மையிடம். அவள் கையைத் தட்டும்போதெல்லாம் இருவரும் ஒன்றாகச் செருகினார்கள். தட்டித் தட்டி அவள் உள்ளங்கை சிவந்தது. இரண்டு பெரிய மனிதர்கள் எதிரும் புதிருமாக நின்று குனிந்து நிமிர்வதைக் கண்ணாடி வழியே பார்த்த கணக்குப் பிரிவுக்காரர், ஆபீசில் உடற்பயிற்சி ஆரம்பித்துவிட்டார்களா என்று எட்டிக் கேட்டுவிட்டுப் போனார்.

பிறகு அது வந்தது. ஆறாம் வரிசையில் ஒன்பதின் கோடு. மறையவில்லை. நின்றது.

"ஆறை நிறுத்து" என்றாள். தாடி ஆறாம் பொம்மையின் துடிப்பை நிறுத்தினான். பொம்மை செத்துப்போனது. பெரிய திரையில் ஆறாம் வரிசை ஆரோக்கியமாகத் துடித்துக்கொண்டிருந்தது. அலாரம் இல்லை. மூவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிழையைக் கண்டுபிடித்தால் சாதாரணமாகத் தாடி மேஜையைத் தட்டுவான். அன்று தட்டவில்லை.

காரணம் கடைசியில் மிகச் சின்னது. திரைக்குக் கோடு வரைகிற நிரல், இந்தக் கட்டிலின் இடம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கர்னலைக் கேட்கும். இருக்கிறது என்றால் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கேட்பதற்கும் பிடிப்பதற்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி. அந்த இடைவெளியில் இடம் கைமாறிவிட்டால், நிரல் பிடித்தது அடுத்தவருடைய இடம். வழக்கமாக அடுத்த நொடியே, இடம் மாறிவிட்டது என்ற குறிப்பைப் பார்த்து அது திருத்திக்கொள்ளும். அதைத்தான் அவள் முதலில் கண்கொட்டும் நேரத்துக்குப் பார்த்தாள். ஆனால் அந்தக் குறிப்பும் அதே இடத்துக்குள்தான் எழுதி வைக்கப்பட்டிருந்தது. புது ஆள் முழுசாகக் குடியேறிவிட்டால், தன் பங்குக்கு "எல்லாம் சரி" என்று அதன்மேல் எழுதிவிடுவார். அதன்பிறகு நிரலுக்குச் சந்தேகமே வராது.

அவள் முதலில் எழுதிய திருத்தம், படிக்கும்போது இடத்தையே பூட்டி வைத்தது. பொம்மைகளை எல்லாம் ஒன்றாகச் செருகினார்கள். ஒரு நிரல் பிடித்த பூட்டுக்காக இன்னொரு நிரல் காத்திருக்க, அது இதற்காகக் காத்திருக்க, திரை முழுவதும் உறைந்து நின்றது. இதைப் போய் அந்த அறையில் போட்டிருந்தால் என்று நினைத்துப் பார்த்தாள். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கணவர் போன் பண்ணினார். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். "இல்லை" என்றாள். "வாங்கிட்டு வந்து கீழே நிக்கறேன். இறங்கி வந்து சாப்பிட்டுட்டுப் போ" என்றார். அவர் பைக்கின்மேல் பொட்டலத்தை வைத்துப் பிரித்தார். அவள் நின்றபடியே சாப்பிட்டாள். அவர் வழக்கமான கிண்டல் எதுவும் செய்யவில்லை.

இரண்டாவது திருத்தத்தில் பூட்டு இல்லை. யார் படிக்க வந்தாலும், கேட்பதும் பிடிப்பதும் ஒரே அசைவாக, பிரிக்க முடியாதபடி நடக்க வேண்டும். உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கர்னல் கணக்கு வைத்துக்கொள்ளும். கடைசி ஆள் வெளியேறும்வரை அந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுக்காது. மொத்தம் ஒரு கைப்பிடி வரிகள். ஒவ்வொரு வரியையும் தாடியை வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள். மேலாளரையும் படிக்கச் சொன்னாள். வேறு பிரிவிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்து, குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே படிக்கச் சொன்னாள். பிறகு ஒயர்களைச் செருகிக் கழற்ற ஓர் இயந்திரக் கையையே கட்டிவைத்து, நாள்கணக்கில் பொம்மைகளை வதைத்தார்கள். ஒருமுறைகூடக் கோடு மாறவில்லை.

திருத்தத்தை ஆஸ்பத்திரியில் அவளே போய்ப் போட வேண்டும் என்று மேலாளர் சொல்லவில்லை. அவளாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று வழி முழுக்க நொந்துகொண்டாள்.

பெரிய திரையை அணைத்து, மாற்றி, மறுபடி எழுப்ப வேண்டும். அதுவரை மேஜைக்குக் கண் கிடையாது. தலைமை நர்ஸ் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஓர் ஆளை நிறுத்தினார். லீவில் இருந்தவர்கள் வந்திருந்தார்கள். இரண்டு டாக்டர்கள் சுவரோரம் கைகட்டி நின்றார்கள். ஆறாம் கட்டிலில் தலைமை நர்ஸே நின்றார். தம்பி இப்போது தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மெலிந்துபோய், கண் மட்டும் பெரிதாக.

"என்ன கர்னல், சண்டை ஆரம்பமா?" என்றான்.

"வாயை மூடிட்டு மெதுவா மூச்சு விடு."

அணைத்தாள். திரை கறுத்தது. அந்த அறையில் இவ்வளவு சின்னச் சின்ன ஓசைகள் இருக்கின்றன என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. யாரோ ஒருவரின் மூச்சுக் குழாய் சீறியது. எங்கோ ஒரு சின்னத் திரை கூவத் தொடங்கியது. எல்லாத் தலைகளும் திரும்பின. இரண்டாம் கட்டில். அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். "வேர்த்து ஒட்டுப்பட்டை கழண்டுடுச்சு, வேற ஒண்ணுமில்ல" என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னாள். யாரோ பெருமூச்சு விட்டார்கள். அவள் விடவில்லை.

திரை விழித்தது. முதலில் வெறும் வரிசைகள். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று கோடுகள் ஓடத் தொடங்கின. ஏழு வந்தது, எட்டு வந்தது. ஆறு வரவில்லை. அவளுக்குக் காதுக்குள் தன் துடிப்புதான் கேட்டது. திரும்பித் தம்பியைப் பார்க்கப் பயந்தாள். பார்த்தாள். அவன் நர்ஸிடம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான், நர்ஸ் அவன் தோளை அழுத்திச் சும்மா இருக்கச் சொன்னார். ஆறாம் வரிசையில் ஒரு புள்ளி அசைந்து, கோடாகி, ஓடியது.

"எண்பத்தெட்டு" என்று அவள் வாசித்தாள்.

"எண்பத்தெட்டு" என்றார் நர்ஸ் சின்னத் திரையைப் பார்த்து.

ஒவ்வொரு கட்டிலாக வாசித்தாள். ஒவ்வொரு கட்டிலிலிருந்தும் பதில் வந்தது. பிறகு ஆறையும் ஒன்பதையும் ஒன்றாகக் கழற்றிச் செருகச் சொன்னாள். மறுபடி வாசித்தாள். இன்னும் ஒருமுறை. டாக்டர்களில் ஒருவர், "போதும்மா" என்றார் மெல்ல. அவள் இன்னொருமுறை கழற்றச் சொன்னாள்.

தம்பி வீட்டுக்கு வந்து, கொஞ்ச நாளில் பட்டறைக்கும் போய், எஞ்சினைத் தூக்கக்கூடாது என்ற கட்டளையை மீறி மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். அக்கா அவனிடம் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவன் சிரிப்பான் என்று நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை. "அந்த ஒன்பதாம் கட்டில் அம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டான். நன்றாக இருக்கிறார் என்று அவள் விசாரித்து வைத்திருந்தாள்.

ஆனால் மற்றவர்கள்? மேலாளர் போன் செய்த ஆஸ்பத்திரிகளில் ஒன்றிலிருந்து ஒரு நர்ஸ் தானாகவே அவளைக் கூப்பிட்டாள். முந்தைய வருஷம் தானும் இதுபோல ஒருமுறை பார்த்ததாகவும், தூக்கக் கலக்கம் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை என்றும் சொன்னாள். "அந்த நோயாளி என்ன ஆனார்?" என்று அவள் கேட்டாள். எந்தக் கட்டில் என்றே ஞாபகமில்லை என்றாள் நர்ஸ். கம்பெனியில் பழைய பதிவுகளை எல்லாம் எடுத்துத் துருவினார்கள். பதிவில் இருப்பது திரை காட்டிய எண்கள்தான். அந்த எண்கள் யாருடையவை என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

மழைக்காலம் முழுக்க அவளும் தாடியும் கர்னலில் இதே மாதிரி வேறு இடுக்குகள் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு கோப்பாகத் தேடினார்கள். இரண்டு கிடைத்தன. ஒன்றால் யாருக்கும் தீங்கு வராது. இன்னொன்று, மருந்து ஏற்றும் பம்புடன் பேசுகிற பகுதியில் இருந்தது. அதைப் பார்த்ததும் தாடி நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டான். அவள் முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினாள்.